வேட்டி நிழலில் எடுத்த கல்

கேமராப் பையில் பழைய மெமரி கார்டைத் தேடியபோது உன் வேட்டி கையில் சிக்கியது. உதறினால் அரப்பு வாடை. துவைக்காமலே திணித்து வைத்திருக்கிறாய். உன்னிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

பென்னாகரம் பக்கத்து நடுகல்லை முப்பரிமாண மாதிரியாக்க, படமெடுக்கப் போனோமே, அன்றைய வாடை. நாம் வருவது தெரிந்து, கல் நிற்கும் காட்டுக்குச் சொந்தக்கார அக்கா அதற்கு நல்லெண்ணெய் தேய்த்து மினுக்கி வைத்திருந்தார். நான் தலையில் கைவைத்தேன். நாம் நகர நகர அந்தப் பளபளப்பும் இடம் மாறும். சுற்றிலும் எடுத்த படங்களை இணைக்கும் கணினி குழம்பி வீரனின் முகத்தில் பள்ளம் தோண்டிவிடும். எண்ணெயைத் துடைக்கலாமா என்று கேட்டேன்.

"எண்ணெயத் தொடைக்கிறதா? போட்டோவுல சாமி மொகம் பளிச்சுனு இருக்க வேணாமுங்களா?" என்று அக்கா முறைத்தார்.

"எண்ணெ தேச்ச சாமிய அப்படியே வுடலாமுங்களா? அரப்பு போட்டு ஊத்த வேணாமுங்களாக்கா?" என்றாய் நீ.

அக்கா சிரித்துவிட்டார். கிண்ணம் நிறைய அரப்பு வந்தது. எண்ணெய் போகத் தேய்த்துக் கழுவி, உன் மாற்று வேட்டியால் கல்லைத் துடைத்தாய்.

கல் காய்வதற்குள் வெயில் ஏறி, புளியமரத்து இலை நிழல் கல்மேல் திட்டுத்திட்டாக விழுந்தது. படத்தில் விழுந்த நிழல் மாதிரியிலும் ஒட்டிக்கொள்ளும். அதே வேட்டியின் ஒரு முனையைக் கிளையில் கட்டி, மறுமுனையை நீ தூக்கிப் பிடித்தாய். நான் சுற்றிச்சுற்றி எடுத்தேன். "சீக்கிரம் எடுடா, கை கடுக்குது."

கல்யாண ஆர்டர்கள் வந்ததில் அந்தப் படங்களைக் கிடப்பில் போட்டோம். பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. நீ மீளவில்லை.

போன மழையில் அந்தப் புளியமரம் சாய்ந்ததில் கல் பிளந்து, முகம் தூளாகிவிட்டது. அக்கா போன் செய்தார். "உங்ககிட்ட இருக்கிற போட்டோவ வெச்சி சாமி மொகத்த மறுபடி செதுக்க முடியுமுங்களா?" இனி அந்த முகம் நம் படங்களில் மட்டும்தான் இருக்கிறது.

பழைய கார்டைத் தேடியெடுத்து, உட்கார்ந்து படங்களைத் தயார் செய்தேன். மங்கிய படங்களை ஒதுக்கினேன். நிறத்தைச் சமன் செய்தேன். மிச்சம் நீதான். ஓரங்களில் உன் கை, முழங்கால், ஒன்றில் கொட்டாவி விடும் வாய். கல்லைத் தவிர மற்றதையெல்லாம் மறைத்தால்தான் மாதிரி சுத்தமாக வரும். படம் படமாக உன்னை மறைத்தேன். கொட்டாவிப் படத்தில் மட்டும் கை ஓடவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு அதையும் மறைத்தேன். விட்டிருந்தால் நீயே திட்டியிருப்பாய்.

முகம் பள்ளமில்லாமல் வந்திருக்கிறது. சிற்பியிடம் கொடுக்கும் முன் போன் திரையில் அக்காவிடம் காட்டினேன். விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேட்டி புடிச்சிக்கிட்டு நின்னாரே, அவரு இதுல இல்லீங்களா?"

"இருக்காருங்கக்கா. சாமி மேல எங்கயாவது வெயில் படுதா பாருங்க."

அக்கா மறுபடி பார்த்தார். உன் வேட்டி இன்னும் என் பையில்தான் இருக்கிறது, துவைக்காமல்.