ரூட்டரில் நான்காவது பெயர்

திங்கள், 9

காலையில் தூறல், பிறகு புழுக்கம். புதுக் கணினியில் பழைய தமிழ் எழுத்து புரோகிராம் ஓடாது. கல்யாணக் கார்ட் தொழிலுக்கு அது இல்லாமல் கை ஒடிந்த மாதிரி. பம்பலப்பிட்டியில் கணினிக் கடை வைத்திருக்கும் பாஹிம் வந்தான். புதுக் கணினிக்குள்ளேயே பழைய விண்டோஸைத் தனிக் கணினி போல ஓடவிட்டான். வேர்ச்சுவல் மெஷினாம்.

"முதலாளி, பெட்டி ஒண்டுதான். உள்ளுக்கு ரெண்டு ஆள்."

கீழே கடையில் இருக்கும் பிரிண்டருக்கு ரூட்டர் வழியாகப் போகுமாம். ஒரு கார்ட் அடித்துப் பார்த்தோம். வந்தது. எப்படி என்று விளங்கவில்லை.

மாலை ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, மகளோடு. லொட்ஜில் தங்கல். மாப்பிள்ளை கனடா. விசாவுக்கு வெள்ளிக்கிழமை எம்பசியில் கல்யாணக் கார்ட் காட்ட வேண்டும்.

"கார்ட் இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவினம் அண்ணை. அங்கயிருந்து இஞ்ச வாற கப்பல் டிக்கெட்டுக்கே மூண்டு மாசம் அலைஞ்சனாங்கள்."

வியாழன் தருவதாகச் சொன்னேன். மேல் அறை வாடகைக்குக் கிடைக்குமா என்றும் கேட்டார். இல்லை என்றேன். வீட்டில் இருப்பவர்களைப் பொலிஸில் பதியும் படிவத்தில் எங்கள் மூவர் பெயர்தான். கூட்டினால் கேள்வி, அலைச்சல்.

செவ்வாய், 10

வெயில். வீதி முழுக்கப் பொலிஸ் சோதனை. வாங்க: கார்ட் மட்டை, மஞ்சள் மை, மனைவிக்குப் பிரஷர் குளிசை.

பாஹிம் காட்டித் தந்த ரூட்டர் பக்கத்தைத் திறந்தேன். லைனில் யார் யார் என்ற பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ரூட்டர் கொடுத்த இலக்கத்தோடு. என் கணினி, மகளுடையது, பிரிண்டர். நான்காவதாக ஒரு பெயர், எழுத்தும் எண்ணுமாக. யார் இது? பக்கத்து வீட்டான் எவனாவது என் லைனில் ஏறிவிட்டானா? அவன் எதையாவது அனுப்பித் தொலைத்தால் விசாரணைக்குப் போவது நான். அந்தப் பெயருக்கு இனி இலக்கம் கொடுக்காதே என்று குறித்து மூடினேன். நிம்மதி.

புதன், 11

கார்ட் ரெடி. அடிக்கப் போனால் பிரிண்டர் இல்லை என்கிறது! வயரைக் கழற்றி மாட்டினேன். நிறுத்திப் போட்டேன். இல்லை. புதுக் கணினியிலிருந்து நேராகக் கடிதம் அடித்தால் அழகாக வருகிறது. உள்ளே ஓடும் பழையதற்கு மட்டும் வழியில்லை. கார்ட்டோ உள்ளே. ஒரே பெட்டி, பாதிக்கு வழி, பாதிக்கு இல்லை. என்ன கண்றாவி?

மனைவி: "மெஷினோட கதைச்சது காணும். சோறு ஆறுது."

பாஹிம் தெமட்டகொடைப் பக்கம் சோதனையில் மாட்டி நிற்கிறானாம். நாளை வருவான்.

வியாழன், 12

மழை. அந்த அம்மாவும் மகளும் ஒன்பது மணிக்கே கடையில், பைகளோடு. பாஹிம் பத்தரைக்கு. பட்டியலைப் பார்த்தவன் சிரிக்கத் தொடங்கினான்.

"முதலாளி, இந்த நாலாவது ஆள்தான் நான் திங்கக்கெழம வெச்ச மெஷின். உள்ளுக்கு இருந்தாலும் அதுக்குத் தனிப் பேர், தனி இலக்கம். யாரு இத அடச்ச?"

"நான்தான்."

"நல்ல வேல! ஒங்கட வீட்டு ஆளயே வெளில தள்ளிட்டீங்களே."

தடையை எடுத்தான். ஐந்து நிமிடத்தில் கார்ட். அம்மா மகளின் பெயரை விரலால் தடவினார். மை காயவில்லை, அப்பிவிட்டது. இன்னொன்று அடித்தேன்.

பைகள் ஏன் என்று கேட்டேன்.

"லொட்ஜை விடச் சொல்லிப்போட்டாங்கள் அண்ணை. எம்பசி நாளைக்குப் பத்து மணிக்கு. ராவைக்கு ரெயில் ஸ்டேஷனில இருப்பம்."

மேல் அறையைக் காட்டிவிட்டுப் பொலிஸ் படிவத்தை எடுத்தேன். நாலாவது, ஐந்தாவது பெயர் எழுதியாயிற்று. பொலிஸில் சீல் குத்த வேண்டும். இவர்களைப் பார்த்து என்ன கேட்பார்களோ, நான் என்ன சொல்வேனோ. புறப்படலாமென்றால் குடையைக் காணவில்லை.