யார் உன் கையைப் பிடித்து வருவது

மல்வேர்ன், ஸ்கார்பரோ
ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்பு மகன் வினோதனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் ஏஞ்சலாவும் சம்பந்தி வீட்டாரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் சுகத்துக்குக் குறைவில்லை, பொறுமைக்குத்தான் குறைவு. போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைப்பாய். என் பக்கத்திலும் யாராவது காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். கல்யாண வேலைக்கு உதவியாக அக்கா கஜனி முந்தியே இத்தாலிக்கு வருகிறாள் அல்லவா, அவளுடைய கைப்பையில் வைத்து அனுப்புகிறேன். மற்றவர்கள் வந்து இறங்குமுன் வாசித்துவிடு.

பனி கரைந்ததோ இல்லையோ, எங்கட ஆட்களுக்கு விழாப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு சனி ஞாயிறு நான் வீட்டில் இருந்ததில்லை. முதலில் அக்கா அஜக்ஸில் வாங்கின புது வீட்டில் பால் காய்ச்சினோம். நல்ல வீடு, பின்வளவு பெரியது, சமையலறையில் மட்டும் வெளிச்சம் போதாது. விடிய முன்னரே பொங்கல் பானையும் வடையும் கொண்டு போய் இறங்கியவள் நான். குத்துவிளக்கு ஏற்றுகிற நேரம் அப்பாவின் அக்கா, உன் அருள்மலர் மாமி, என் தோளைத் தொட்டு, "தவம், நீர் கொஞ்சம் பின்னுக்கு நில்லும்" என்றார். உன் சித்தியைக் கூப்பிட்டு விளக்கை ஏற்றச் சொன்னார். அக்கா தன் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் வடையைச் சூடாக்கினேன்.

அதற்குப் பிறகு மாமியின் பேத்தி சுபாங்கி பெரியபிள்ளையாகி, அவளுடைய சாமத்தியவீடு. ஆலாத்தித் தட்டு முழுவதும் என் கைவேலை. பூத்தட்டுக்கு ரோசாப்பூ ஒட்டி ஒட்டி விரலெல்லாம் பசை. ஹோலில் தட்டெடுக்கச் சோடி சோடியாகப் பெயர் கூப்பிட்டார்கள். என் பெயர் வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

மாமி கெட்டவர் இல்லை. அப்பா செத்த அந்த மாதம் முழுவதும் என் கட்டிலில் என் பக்கத்தில் படுத்தவர் அவர்தான். அதனாலேயே அவருக்கு முன்னால் எனக்கு வாய் வருவதில்லை. அவரோ, உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லி என் வாயை மூடிவிடுகிறார். ஆனால் மகன், அப்பாவுக்குப் பிறகு உங்களைப் படிப்பிக்க நான் இருட்டோடு பஸ் ஏறிப் பேக்கரி வேலைக்குப் போனேனே, அப்போது யாரும் என்னைப் பின்னுக்கு நில்லும் என்று சொல்லவில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை வீடியோவில் ஏஞ்சலாவின் அம்மா பேசியது நினைவிருக்கும். அவர்கள் ஊரில் மாப்பிள்ளையைச் சேர்ச்சுக்குள் கூட்டிக்கொண்டு போவது மாப்பிள்ளையின் தாய் என்று சொன்னார். சொன்னதோடு விடாமல், தன் மனுஷனின் கையைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள்ளேயே நடந்து காட்டினார். தெரு கல்லுப் பாவியது, அம்மாவை நல்ல சப்பாத்துப் போட்டு வரச் சொல்லும் என்றாராம், நீதான் தமிழில் சொன்னாய். எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்து போயிற்று. அதற்குள் சோபாவிலிருந்த மாமி, "உது சரிவராது, நல்ல காரியத்தில தவம் முன்னுக்கு வரக்கூடாது. பின்னேரம் தாலி கட்டேக்க சித்தப்பாவும் சித்தியும்தானே சோடியா நிக்கினம், சேர்ச்சுக்குள்ளயும் சித்தியே கூட்டிக்கொண்டு போகட்டும்" என்றார். நானும் வழக்கம்போல ஓம், அதுதான் சரி என்றேன்.

அதற்கு நீ என்ன சொன்னாய்? "உங்கட விருப்பம் அம்மா" என்றாய். அவ்வளவுதான். பிறகு விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று கேட்டாய்.

எனக்கு மாமியில் வந்த கோபத்தை விட உன்னில் வந்த கோபம் பெரிது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? அது என் விருப்பமா? என் குரல் உனக்குத் தெரியாதா? சின்ன வயதில் எனக்குப் பசிக்கவில்லை என்று நான் சொன்னால், பொய் சொல்லாதேங்கோ அம்மா என்று உன் சோத்துக் கோப்பையிலிருந்து பாதியை எனக்குத் தள்ளுகிற பிள்ளை நீ. இப்போது ஒருக்கா, ஒரேயொருக்கா, இல்லை அம்மா நீங்கள்தான் வரவேணும் என்று சொல்லியிருந்தால் உன் நாக்குத் தேய்ந்தா போயிருக்கும்? நீ அங்கே மரியாதை பழகிவிட்டாய் போல. எனக்கு அந்த மரியாதை வேண்டாம்.

சித்தி இதற்கென்று ஹீல் சப்பாத்து வாங்கிவிட்டாராம். வாங்கட்டும், வேறு கல்யாணத்துக்கு உதவும். தாலிகட்டில் அவர்களே நிற்கட்டும். அது எங்கட முறை, அதில் சண்டை பிடிக்க எனக்கு இப்போது தெம்பில்லை. சேர்ச் ஏஞ்சலா வீட்டாரின் முறை. அந்த முறையில் தாய் என்றால் தாய்தான், புருஷன் இருக்கிறாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமியிடம் நானே சொல்வேன். விமானத்தில் சொன்னால் எழும்பிப் போகவும் இடமிருக்காது.

நானும் தட்டையான சப்பாத்து ஒன்று வாங்கி, கட்டடத்தின் ஹோல்வேயில் போட்டு நடந்து பார்த்தேன். எதிர்வீட்டு றெமிஜியஸ் அண்ணை, என்ன தங்கச்சி, முழங்கால் பயிற்சியோ என்று கேட்டார். ஓம் என்றேன். அரக்குக் கரைச் சேலை ஒன்றும் வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். அக்காவுக்கும் தெரியாது.

உனக்கு ஊறுகாயும் மிளகாய்த்தூளும் அக்காவிடம் தந்திருக்கிறேன். ஏஞ்சலாவுக்கு உறைப்புக் குறைத்து வை. இரவில் நேரத்துக்குப் படு.

அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உங்கள் இருவருக்கும் எப்போதும் உண்டு. நீங்கள் நூறாண்டு சோடியாக இருக்க வேண்டும். அங்கே சேர்ச் வாசலில் யார் என்ன சொன்னாலும், நானே வாய் தவறி ஓம் என்று சொன்னாலும், நீ உள்ளே போகாதே. கையை மடக்கி வைத்துக்கொண்டு அப்படியே நில். நான் பின்னுக்கிருந்து வருவேன், கொஞ்சம் நேரம் எடுக்கும்.

உன்னைப் பெற்றவள்,
தவமணி இராஜரட்ணம்