தெரிந்தே போட்ட கூடை

மார்ச் 3, செவ்வாய்

இந்த வாரம் நான் ஒன்பதாம் எண்.

சனிக்கிழமை மோதப்போகும் அணியின் பெரிய ஆட்டக்காரன் அவன். கூடைப்பந்து கிளப்பில் என் வேலையே இதுதான். ஒவ்வொரு வாரமும் எதிரணியில் யார் பெரிய ஆளோ, அவன் ஆட்டத்தை வீடியோவில் பார்த்து மனப்பாடம் செய்து, பயிற்சியில் அவனாகவே ஆடிக் காட்ட வேண்டும். மற்றவர்கள் என்னைத் தடுத்துப் பழகிக்கொள்வார்கள். சனிக்கிழமை அசல் ஆள் வந்ததும் நான் பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்துவிடுவேன். எட்டு வருஷமாக இதே பிழைப்பு. அணியில் எனக்கு 'டூப்பு' என்று பட்டப்பெயர். சொந்தப் பெயர் சட்டையின் முதுகில் அச்சடித்திருக்கிறது. எந்நேரமும் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறேன், யார் படித்தார்கள்?

இந்த சீசனில் நான் களத்தில் நின்றது மொத்தம் பதினொரு நிமிடம்.

இன்று கோச் தனியாகக் கூப்பிட்டார். "மேனேஜர் அடுத்த வருஷத்துக்கு உன் பேரை அடிச்சுட்டாருப்பா. சனிக்கிழமை உன்னை இறக்கறேன். ஏதாவது செஞ்சு காட்டு, மீதியை நான் பேசிக்கறேன்."

முப்பத்து நான்கு வயதுக்காரனை வேறு எந்த கிளப்பும் எடுக்காது. அந்த ஆட்டத்தில் தோற்றால் அணியே கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும். இரண்டும் ஒரே நாளில்.

மார்ச் 5, வியாழன்

ஒன்பதுக்கு ஒரு பழக்கம். குதிப்பதற்கு முன் வலது தோளில் சட்டையைச் சுண்டிவிட்டுக்கொள்வான். அதையும் சேர்த்துத்தான் செய்கிறேன். ஆட்டம் நடக்கப்போகும் இதே அரங்கில், மூன்று நாளாக வாசல் பக்கக் கூடைதான் எனக்கு. அடியில் பந்து கிடைத்தால் யோசிக்காதே, உடனே போடு என்று கோச் கத்திக்கொண்டே இருக்கிறார். இன்று நாற்பதுக்கு மேல் போட்டேன். நம் ஆட்களால் என்னைத் தடுக்க முடியவில்லை. ஆனால் புகழ்ச்சியெல்லாம் ஒன்பதுக்கு. "சரியான ஆளுப்பா அவன்!" என்றான் கேப்டன், என் முகத்தைப் பார்த்தபடியே.

சாப்பிடும்போது கை தானாகத் தோளுக்குப் போயிருக்கிறது. மனைவி கவனித்துவிட்டாள்.

"என்னங்க, இது யாரு?"

"ஒன்பது."

"அவர்கிட்ட சொல்லுங்க, பாத்ரூம்ல பல்பு போயி நாலு நாளாச்சு."

மார்ச் 7, சனி

காலை. ஷூ லேசை மூன்று முறை அவிழ்த்துக் கட்டிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

எழுதித் தொலைக்கிறேன்.

கடைசி ஒன்றரை நிமிடம் வரை கோச் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்போது நம் நெட்டையனுக்கு ஐந்தாவது ஃபவுல். வெளியே வந்துவிட்டான். அவன் உயரத்துக்கு வேறு ஆள் இல்லை. போனேன். ஒரு புள்ளி முன்னால் இருந்தோம்.

நாற்பது வினாடி பாக்கி. ஒன்பது போட்ட பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி, நேராக என் இரண்டு கைக்குள் வந்து விழுந்தது. எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? தோளில் சட்டையைச் சுண்டினேன். குதித்தேன். போட்டேன்.

வாசல் பக்கக் கூடை. இரண்டாம் பாதியில் அது நாங்கள் காக்க வேண்டிய கூடை.

அப்புறம் சிரிப்பு — அந்தச் சிரிப்பு இருக்கிறதே — வேண்டாம்.

சொந்தக் கூடையில் தெரியாமல் போட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. வேண்டுமென்றே போட்டால் தவறு. புள்ளி கிடையாது, பந்து மட்டும் அவர்கள் கைக்குப் போகும். விதி அப்படி. நடுவர் விசிலை வாயில் வைத்தபடி என்னிடம் வந்தார். அவருக்கு முன்னால் கோச் கோட்டோரமாக ஓடி வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "வேணும்னே போட்டேன்னு சொல்லு. சொல்லுடா! நான் பார்த்துக்கறேன்."

"தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாமலா?" என்றார் நடுவர்.

பெஞ்சைப் பார்த்தேன். ஏழு பேர் எழுந்து நின்றார்கள். களத்தில் நான்கு பேர், மொத்தம் பதினோரு பேர். எட்டு வருஷத்தில் அவர்கள் எல்லாரும் ஒன்றாக என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தெரிஞ்சுதான் போட்டேன் சார்."

புள்ளி ரத்து. அவர்கள் கடைசிப் பந்தைத் தவறவிட்டார்கள். ஒரு புள்ளியில் ஜெயித்தோம். கேப்டனைத் தூக்கிச் சுற்றினார்கள்.

மார்ச் 12, வியாழன்

எதிரணி புகார் கொடுத்திருக்கிறது. ஆட்டத்தின் முடிவு பற்றியல்ல, என்னைப் பற்றி. சொந்தக் கூடையில் ஒருவன் ஏன் வேண்டுமென்றே போடுவான்? யாரிடம் கை நீட்டினான்? இருபதாம் தேதி சங்கத்தில் விசாரணை.

கோச் தோளில் தட்டினார். "கவலையே படாதே. நான் கூட வர்றேன்."

மார்ச் 20, வெள்ளி

நீள மேஜை. மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு காலத்தில் ஆடியவர், விரல்கள் எல்லாம் கோணல். வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். தோளைச் சுண்டிவிட்டு நான் குதிப்பது, என் கண்ணுக்கே திட்டம் போட்டுச் செய்தது போலத்தான் இருந்தது.

"ஏன் போட்டீங்க?"

தெரியாமல் போட்டேன் என்று சொன்னால், நடுவரிடம் பொய் சொல்லி ஜெயித்ததாகிவிடும். முடிவு மாறும். அணி கீழே போகும். பதினோரு குடும்பம். தெரிந்து போட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் எங்கே இருக்கிறது? "அந்த நேரத்துல தோணிச்சு சார்" என்றேன்.

பெரியவர் கோச்சைக் கேட்டார். கோச் தண்ணீர் குடித்தார். பிறகு, "ஏன் அப்படிப் பண்ணினார்னு எனக்கே இன்னும் புரியல சார்" என்றார். பண்ணினார்! எட்டு வருஷமாக டா போட்டுக் கூப்பிட்ட மனுஷன்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடி டம்ளரைப் பார்த்தார்.

இரண்டு வருஷத் தடை.

மார்ச் 21, சனி

வாயைத் திறந்திருக்கலாம்ல? ஏன்டா திறக்கல? யாருக்காக? ஒருத்தனாவது போன் பண்ணானா? முட்டாள். முட்டாள். முட்டாள்.

மார்ச் 29, ஞாயிறு

கேப்டனிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு கை கூப்பிய படம். சொல் எதுவும் இல்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

மச்சானின் டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். "மாமா வந்ததுல ஒரு லாபம், ஏணியை வித்துடலாம்" என்கிறான். நல்ல பையன், மனதில் ஒன்றும் கிடையாது. வாடிக்கையாளர்களில் சிலருக்கு என்னைத் தெரிந்துவிடுகிறது. இத்தனை வருஷம் ஒழுங்காக ஆடியபோது ஒரு பயலுக்கும் தெரியவில்லை.

பதில்தான் சிக்கல். தெரிந்து போட்டேன் என்றால் அயோக்கியன். தெரியாமல் என்றால் மடையன். சிரித்துவிட்டு டயரை உருட்டுகிறேன்.

அவளிடம் மட்டும் அன்றே உண்மையைச் சொல்லிவிட்டேன். "மடையனாவே இருந்திருக்கலாமேங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலிக்கிறது.

ஜூன் 11, வியாழன்

முன் சக்கரம் பஞ்சரான கார் ஒன்று வந்தது. இறங்கியவர் அந்த நடுவர். வார நாட்களில் கணக்கு வாத்தியாராம். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். போட்டுட்டு ஒரு செகண்டு சந்தோஷப்பட்டீங்க. வேணும்னே செய்யறவன் அப்படிச் சந்தோஷப்பட மாட்டான்."

"அப்புறம் ஏன் சார் ஒத்துக்கிட்டீங்க?"

"கேட்டது நான், சொன்னது நீங்க. அதுக்கு மேல நான் என்ன எழுதறது?"

டயரை மாற்றிக் கொடுத்தேன். நான்கு போல்ட்டையும் தேவைக்கு மேல் முறுக்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

கோச் போனில் பேசினார். ஐந்து மாதம் கழித்து, நேற்று விட்ட பேச்சைத் தொடர்வது போல.

"புது சீசன் ஆரம்பிக்குது. தடை போட்டிக்குத்தான்ப்பா, பயிற்சிக்கு இல்லை. ஆர்டரை வக்கீல்கிட்ட காட்டிட்டேன். உன்னை மாதிரி யாரும் செய்ய மாட்டேங்கறாங்க. வந்துடு."

"சட்டை உண்டா?"

"சட்டை எப்படிப்பா? பட்டியல்ல பேரு இல்லையே."

ஒன்று கேட்டேன். 'அன்று அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்' என்று சங்கத்துக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள், நாளைக்கே வருகிறேன் என்றேன்.

"எனக்கும் குடும்பம் இருக்குப்பா."

நானும் அதையேதான் நினைத்தேன் அன்றைக்கு, பதினோரு பேருக்காக. போனை வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

செப்டம்பர் 6, ஞாயிறு

அவள் விரட்டியதால் பூங்காவுக்கு நடக்கப் போனேன். சிமென்ட் தரை, வலை கிழிந்த இரண்டு வளையம். பெயின்டர் ஒருவர், பேங்க் ஆள் ஒருவர், இன்னும் ஏழு பேர் ஆட்டம் தொடங்கக் காத்திருந்தார்கள். பத்தாவது ஆள் வரவில்லை.

"அண்ணே, வர்றீங்களா?" என்றார் பெயின்டர்.

பேங்க் ஆள் என்னை உற்றுப் பார்த்தார். தெரிந்துகொண்டார். "எந்தக் கூடைன்னு முதல்லயே சொல்லிடுங்கப்பா இவருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது. திரும்பி நடந்திருப்பேன், அதற்குள் பந்தை என்னிடம் எறிந்துவிட்டார்கள்.

ஆட ஆரம்பித்தோம். யாரைப் போல ஆடுவது என்று முதல் பத்து நிமிடம் எனக்கே விளங்கவில்லை. கை ஒருவனைப் போலவும் கால் இன்னொருவனைப் போலவும் போனது. தடுமாறினேன். பெயின்டர் என்னிடமிருந்து இரண்டு முறை பந்தைப் பிடுங்கினார். பிறகு எப்போதோ அதெல்லாம் மறந்துபோயிற்று.

ஒன்றே முக்கால் மணி நேரம். யாரும் என்னை வெளியே கூப்பிடவில்லை. ஆரம்பம் முதல் முடிவு வரை நான் நின்று ஆடிய ஆட்டம் எட்டு வருஷத்தில் இது ஒன்றுதான்.

தோற்றுவிட்டோம். முட்டி வீங்கியிருக்கிறது. அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள்.