கூடத்துக் கம்ப்யூட்டர்

செப்டம்பர் 8, ஞாயிறு

ஒரத்தநாட்டுக் கல்யாண மண்டபக்காரர் பிள்ளைகள் விளையாடக் கேட்ட கேம் பெட்டி முக்கால்வாசி முடிந்தது. பழைய ஆர்கேட் விளையாட்டுகள் 412. ஓடாதது, இரண்டிரண்டாகக் கிடந்தது எல்லாவற்றையும் கழித்து, சண்டை, கார், விமானம் என்று பட்டியல் போட்டாகிவிட்டது. மூன்று மாத வேலை.

கூடத்தில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரை நான் பிடித்துக்கொண்டேனாம். ஓரகத்தி அம்சவல்லி முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும்.

செப்டம்பர் 10

போச்சு. பாதிக்குமேல் திறக்கவே இல்லை. 'கோப்பு காணவில்லை' என்றே வருகிறது.

அம்சவல்லியிடம் கேட்டேன். "எடம் இல்லன்னு காட்டுச்சு. குப்பத்தொட்டியக் காலி பண்ணேன். அதுக்கு இப்ப என்னாங்கற?"

என்னாங்கறேனா? வேணும்னே செஞ்சிருக்கா. இவள அக்கான்னு வேற கூப்பிடணும்.

செப்டம்பர் 11

அவள் மகள் மலர்க்கொடியின் சடங்கு வீடியோ அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அழித்தேன். குப்பைத்தொட்டியிலிருந்தும்.

செப்டம்பர் 12

பேச்சு இல்லை. அவள் அடுப்பிலிருந்து வரும் தாளிப்பு வாசனைகூட எரிச்சலாக இருக்கிறது.

செப்டம்பர் 15

எல்லா விளையாட்டையும் மறுபடி இறக்கி, டிஸ்க் நிறையக் கொட்டினேன். அப்போதும் அதே 'காணவில்லை'.

பிறகுதான் உறைத்தது. போன ஞாயிறு, இந்த விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர் மென்பொருளைப் புதுப்பித்தவள் நான். புதியது பழைய கோப்புகளை ஏற்கவில்லை. பழையதைத் திரும்பப் போட்டேன் — 412ம் ஓடின. என் பழைய ஃபோல்டரை எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை. நான் கழித்துப்போட்ட குப்பையைத்தான் அவள் காலி செய்திருக்கிறாள்.

செப்டம்பர் 17

அவளே வந்து பேசினாள். "குந்தவ, சடங்கு வீடியோவ எம் போன்ல ஏத்திக் குடேன். மருதையனுக்கு வருசம் வருது. அவன் பேசறது அதுல மட்டுந்தான் இருக்கு."

மருதையன் அவள் தம்பி. போன வருஷம் பைக் விபத்தில் போனான். தாய்மாமனாகச் சீர்த்தட்டோடு அதில் வருவான். எப்படி மறந்தேன்? மறந்தேன் என்று எழுதினால் அது உண்மைதானா?

"பாக்கறேங்க்கா" என்றேன்.

செப்டம்பர் 19

போட்டோக்காரரிடமும் இல்லையாம். அழித்ததை மீட்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். டிஸ்கில் வீடியோ இருந்த இடத்தின் மேல்தான் விளையாட்டுகளைக் கொட்டியிருக்கிறேன். கிடைத்தது பதினோரு விநாடி. மருதையன் வாசலில் செருப்பைக் கழற்றுகிறான். பேசவில்லை.

அதைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். முழுவதையும். கத்துவாள், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன்.

"எங்கிட்ட சண்ட போட்ருக்கலாம்ல நீ" என்றாள். அவ்வளவுதான்.

அக்டோபர் 6, ஞாயிறு

பெட்டியை மண்டபத்தில் இறக்கிவிட்டு மதியம் வந்தேன். கூடத்தின் நடுவே பலகைத் தடுப்பு ஏறிக்கொண்டிருந்தது. அம்சவல்லி ஆசாரிக்கு ஒவ்வொரு ஆணியாக எடுத்துக் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரைத் தூசி துடைத்து, என் பக்கம் நகர்த்தி வைத்திருந்தாள்.