வாய்மைக்கல்லில் ஏறிய மருந்துக்காரன்

கடல் மூன்று புறமும் காவல் நிற்க, நான்காம் புறத்தை நீதி காக்கும் மருதாழி நாட்டின் அரசியார், குடிகளின் கண்ணீருக்குக் காது கொடுக்கும் அவனிநங்கைத் தேவியாரின் திருவாய்மொழிப்படி ஓலைநாயகம் மாறன் எயினன் எழுதியது. முன்னோர் மூவர் தேவியாரின் குலத்துக்காகப் போரில் உயிர் கொடுத்த பெருமையுடைய சங்குத்துறைப் பட்டினத்துக் காவலர் கூற்றன் சேந்தனார் காண்க. உம் துறைக்கு மரக்கலங்கள் சேதமின்றி வந்து சேர்க. உம் பட்டினத்து மக்கள் நோயின்றி வாழ்க. இதன்பின் உம் நலம் வேண்டி ஒரு வரி எழுதுவது வழக்கம். இம்முறை அது வேண்டாம் என்று தேவியார் சொல்லிவிட்டார், ஆகவே எழுதவில்லை.

நீர் விடுத்த ஓலை அவையில் படிக்கப்பட்டது. கயிறு திரிக்கும் கொற்றி என்பவள், வாய்மைக்கல்லில் நின்று பேசிய மகாவைத்தியர் அமுதசாகரரைச் சந்தை நடுவே பொய்யன் என்று ஏசினாள். கல்லில் நின்று சொன்னவரைப் பொய்யர் என்பாரை நாடு கடத்துவது பட்டினத்தின் பழைய முறை. ஆகையால் அவளையும் அவள் பிள்ளைகள் இருவரையும் படகேற்றி எல்லைக்கு அப்பால் இறக்கிவிடத் தேவியாரின் முத்திரை வேண்டும் என்று வெகு பணிவாகக் கேட்டிருந்தீர். காய்ச்சலுக்கென்று அந்த மகாவைத்தியர் விற்ற தைலத்தைக் குடித்துத்தான் கொற்றியின் கணவன் ஓரி செத்தான் என்பதை மட்டும் எழுதவில்லை. அந்த இடம் வந்ததும் சேந்தனாரின் எழுத்தாணி மழுங்கிவிட்டதோ என்று தேவியார் பின்னர் கேட்டார்.

ஓலை படிக்கப்பட்டபோது, மிளகு ஏற்ற உத்தரவு வேண்டி ஆங்கிலக் கப்பல் தலைவன் ஒருவன் அவையில் நின்றிருந்தான். துபாசி மீரான் ஓலையின் பொருளை அவன் காதில் சொல்லிவர, அவன் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். ஒருத்தியை ஊரைவிட்டுத் துரத்தும் ஓலையில் உமக்கு என்ன சிரிப்பு என்று தேவியார் அதட்டியதும் அவனுக்கு முகம் வெளுத்தது. அந்த வைத்தியனைச் சங்குத்துறையில் தானும் கண்டதாகவும், அவனைப் போன்றவனைத் தங்கள் நாட்டில் ‘மவுண்டிபாங்க்’ என்று அழைப்பதாகவும், இங்கே அவனை மகாவைத்தியர் என்று சொல்லக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டதாகவும் அவன் துபாசி வழியே விண்ணப்பித்துக்கொண்டான்.

அச்சொல்லுக்குப் பொருள் கேட்டார் தேவியார். அது ஆங்கிலர் தாமே ஆக்கிய சொல் அன்று, இத்தாலி நாட்டிலிருந்து வந்தது, பலகைமேல் ஏறு என்பது அதன் பொருள் என்றான் அவன். அந்நாட்டுச் சந்தைகளில் மருந்து விற்போர் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார்களாம். கதை சொல்வார்கள், கோமாளியை ஆடவிடுவார்கள், பாம்பு காட்டுவார்கள். கூட்டம் வாய்பிளந்து நிற்கும் நேரம் பார்த்துக் குப்பியை நீட்டுவார்கள். முதலில் அது வெறும் தொழிலின் பெயர்தான். குடித்தவர் குணமாகாமல் போகப்போக, அடுத்த சந்தையில் தேடினால் ஆள் வேறு ஊருக்குப் போயிருக்க, அந்தப் பெயரே வசவாக மாறிற்று. இன்று குப்பியே தொடாமல் வாய்ச்சாலகத்தால் ஊரை ஏய்க்கும் எவனுக்கும், அவன் குருவானாலும் மந்திரியானாலும், அங்கே அதுதான் பெயராம்.

அவையில் சிலர், நம் மக்கள் இப்படியா ஏமாறுவார்கள் என்று முணுமுணுத்தார்கள். தேவியாருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஏழைகளைப் பழிக்கும் வாயை மூடுங்கள் என்றார். வாய்மைக்கல்லில் நின்று சொன்னதை நம்புவது சங்குத்துறையாரின் அறியாமை அன்று. அந்தப் பட்டினத்தில் வீடு உள்ளவர் மட்டுமே அக்கல்லில் ஏறலாம். பொய் சொன்னால் மறுநாள் அதே தெருவில் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும் என்பதற்காகவே பெரியவர்கள் அப்படி விதித்தார்கள். வழிப்போக்கன் ஏறாமல் பார்த்துக்கொள்வது காவலரின் கடமை. எங்கிருந்து வந்தான், எங்கே போவான் என்று எவருக்கும் தெரியாத ஒருவனை நீரே கைகொடுத்து ஏற்றிவிட்டீர். உம்மைத் தன்வந்திரியின் தோழர் என்று அவன் புகழ்ந்தானாம். உமக்கு உச்சி குளிர்ந்துவிட்டதாம். விசாரிக்கச் சென்ற அமைச்சர் வேள் ஆதனார் இதைச் சொன்னபோது தேவியார் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆதனார் சிறையில் கொற்றியையும் கண்டார். ஊர்பேர் தெரியாதவன் மருந்தை எப்படியம்மா நம்பினீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னதை ஓரெழுத்தும் திருத்தாமல் உமக்கு எழுத வேண்டும் என்பது தேவியாரின் உத்தரவு: அவன் மூஞ்சிக்கா குடிச்சோம் சாமி? காவலரய்யா மொதக் கிண்ணத்த வாங்கி மடமடன்னு குடிச்சாரு. நம்ம அய்யாவே குடிக்கிறாரு, அப்புறம் என்ன பயம்னு நான்தான் எம் புருசன் வாயில ஊத்தினேன். வேணாம் புள்ள, கசக்குதுன்னாரு. மூக்கப் புடிச்சிக்கிட்டு முழுங்குன்னு சொல்லி என் கையாலயே ஊத்தினேன்.

இதைக் கேட்ட தேவியார் அவையென்றும் பாராமல் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கப்பல் தலைவனை மறுபடி வரவழைத்து, பலகை ஏறுகிறவன் தனியாகவா வருவான் என்று கேட்டார். தனியாக வரமாட்டான் என்றான் அவன். கூடவே ஓர் ஆள் வருவானாம். தேரை கொடிய நஞ்சு என்பது அந்நாட்டார் எண்ணம். எல்லாரும் பார்க்க அந்த ஆள் தேரையை விழுங்குவான், அல்லது விழுங்கியதாகப் பாசாங்கு செய்து துடிப்பான்; எசமான் மருந்தை ஊற்றியதும் எழுந்து நிற்பான். தேரைதின்னி என்று அவனுக்குப் பெயராம். பெரிய இடத்தை அண்டி இச்சகம் பேசிப் பிழைப்பவருக்கும் பின்னாளில் அப்பெயரே வந்ததாம்.

சேந்தனாரே, காய்ச்சலின் சாயல்கூட இல்லாத உடம்போடு கல்லருகே நின்று, முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக் காட்டியவர் நீர். அதோடு போயிற்றா? அதே வாரம் உம் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது அந்தத் தைலத்தில் ஒரு சொட்டும் உம் வாசற்படி தாண்டவில்லை. பட்டினத்துப் பழைய வைத்தியரைப் புழக்கடை வழியாக அழைத்துக் கஷாயம் கொடுத்தீர். பிள்ளை பிழைத்தாள், அவள் நன்றாக இருக்கட்டும். ஆனால் உம் பிள்ளைக்கு ஆகாது என்று உமக்குத் தெரிந்தது ஓரிக்கு ஆகாது என்று தெரியவில்லையா? தெரிந்த பின்னும் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா? உம் மானம் போகக்கூடாது என்பதற்காக ஒரு கைம்பெண்ணைக் குஞ்சுகுளுவான்களோடு கடலில் தள்ளத் துணிந்தீரே, சோறுதானா ஐயா தின்கிறீர்? இது ஓலைநாயகத்தின் வார்த்தை அன்று. தேவியார் சொன்னதில் எழுதத் தக்கது இவ்வளவே; மற்றதை எழுத என் கை கூசிற்று.

ஆணை இது. ஓலை கண்ட கணமே கொற்றியைச் சிறையினின்று விடுவித்து, நீரே அவளை வீட்டுவாசல் வரை கொண்டுவிடுக. நீர் கேட்ட முத்திரை கிடையாது. உம் ஓலையைத் தேவியார் தம் கையாலேயே முறித்துவிட்டார். உம் படகில் ஏறித் தப்பிய அந்த மருந்துக்காரனைப் பிடிக்க நம் வீரர்கள் போயிருக்கிறார்கள். அவன் அகப்படலாம், அகப்படாமலும் போகலாம். சங்குத்துறையில் அவனுக்கு வீடு இல்லை. உமக்கு இருக்கிறது. ஆகையால் வருகிற சந்தை நாளில், மக்கள் கூடிய வேளையில், நீர் வாய்மைக்கல்லில் ஏறுக. எதைக் குடித்தீர், ஏன் குடித்தீர், உம் மகளுக்கு எதைக் கொடுத்தீர் என்று உரத்துச் சொல்லுக. காவலர் பதவி உமக்கு இனி உண்டா இல்லையா என்பதைத் தேவியார் அதன்பின் சொல்வார்.

அன்று கொற்றி எதிரே நிற்பாள். போதும், இறங்கு என்று அவள் சொன்ன பிறகே நீர் இறங்கலாம். ஒன்றும் சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போய்விட்டால், கல்லின்மேலேயே நில்லும்.

வலம்புரிச் சங்கு முத்திரை இட்டது. மறு ஓலை வேண்டியதில்லை.