நாலு கட்டை

ஞாயிறு

ஒத்திகையில் இன்று திரௌபதி பாட்டு உச்சத்தில் உடையாமல் வந்தது. எத்தனை மாதமாயிற்று! சந்தோஷத்தில் திரும்பினால், ஆர்மோனியம் வாசிக்கும் மணியின் விரல் நாலு கட்டைச் சுருதியில் இருந்தது. நான் எப்போதும் பாடுவது ஐந்து.

“யாரு மணி கொறைக்கச் சொன்னது?”

“கலாதாங்கா. உங்களுக்குத் தெரிய வேணாம்னுச்சு.”

கலா என்னிடம் கூத்து கற்றவள். எல்லார் எதிரிலும் அவளிடம் கத்திவிட்டேன். “நீங்கதான் பாடணும்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சலங்கையைக் கழற்றினாள்.

குரல் எட்டாமல் சுருதி இறங்கினால் வேஷத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். என் கம்பெனியில் இந்தச் சட்டத்தைப் போட்டதே நான். எனக்கு அடுத்தவள் கலா. அவள் சும்மா இருந்திருந்தாலே திரௌபதி வேஷம் அவளுக்கு வந்திருக்கும்.

கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து கட்டையில் இப்போது பாடிப் பார்த்தேன். உடைந்தது.

நாளைக்குக் கலவை ஊரில் கூத்து. கலாவுக்கு இன்னும் போன் போடவில்லை.