கிடாரத்துக் கரி

மார்ச் 3, செவ்வாய்

காற்றே இல்லை. எட்டு மணிக்கே வெயில் சுட்டது. வலையில் நண்டு ஆறு, இறால் ஒரு கை. போதும்.

என் மனுசி புஷ்பத்தை ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் ஒரு இளம் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. "அம்மா, மருந்து பாதி வேலைதான் செய்யும். புகைக்குள்ள நிக்கிறதக் குறைக்காட்டி நெஞ்சு இன்னும் மோசமாகும்" என்றது. பு. தலையாட்டினாள். பஸ்ஸில் ஏறியதும் என்னிடம்: "அப்ப நெல்ல ஆர் அவிக்கிற? டொக்டர் வருவாவா?"

(இனிப் பு. என்றே எழுதுவேன். இந்தக் கொப்பி அவள் கையில் அகப்பட்டாலும் வேறு யாரோ என்று சாதிக்கலாம்.)

போன வருடம் கால் முறிந்து நான் எட்டு மாதம் படுத்துக் கிடக்க, நெல் அவித்து அரிசி விற்று வீட்டை ஓட்டியவள். ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாளுக்கு இரண்டு நெருப்பு. பின்னேரம் பெரிய கிடாரத்தில் தண்ணீர் காய்ச்சி நெல்லை ஊறப்போட ஒன்று. விடிய, ஊறிய நெல்லை அவிக்க ஒன்று. விடியல் நெருப்பு சின்னது. பின்னேர நெருப்புதான் ஆளைத் தின்கிறது.

இன்று பின்னேரம் கிணற்றடியில் நின்று எண்ணினேன். நெருப்பு ஒன்றே கால் மணித்தியாலம். அவளுடைய இருமல் 23.

மார்ச் 4, புதன்

போனில் ஒரு வீடியோ. யாரோ ஒரு மனுசன் பெட்டிக்குள் செப்புக் குழாயை வளைத்து வைத்து, மேலே கண்ணாடி போட்டு, வெயிலில் தண்ணீர் சுடவைக்கிறான். கிடாரத்தில் ஊற்றும் தண்ணீரே சூடாக இருந்தால் நெருப்பு பாதியாகும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா?

மேலே தண்ணீர் நிறைத்த நீல பரல். நடுவில் பெட்டி. கீழே கிடாரம். தண்ணீர் மெல்ல மெல்ல இறங்க ஒரு பைப் திருகி.

தேவை:
செப்புக் குழாய்
பெரிய கண்ணாடி
றெஜிபோம், சூடு வெளியே போகாமலிருக்க (உடைந்த மீன் பெட்டி இரண்டு உண்டு)
பலகை (பழைய கதவு)
தகரம், ஒரு துண்டு
கறுப்புப் பூச்சு (தோணிக்குப் பூசிய தார் மிச்சம் உண்டு!)
பு.வின் சம்மதம் (இல்லை)

பு. வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வெயில்ல தண்ணி காச்சப் போறாராம். பிறகு நிலவில ஐஸ் போடுவார்."

இருமல் 19.

மார்ச் 5, வியாழன்

காத்தான்குடி. ஏ.சி. திருத்தும் றஹீம் காக்காவின் கடை. என்னிடம் நண்டு வாங்கும் ஆள். பழைய ஏ.சி.களில் கழற்றிய செப்புக் குழாய் மூலையில் சுருள் சுருளாகக் கிடந்தது. விலை கேட்டேன்.

"என்னத்துக்கு?"

சொன்னேன். நெல், புகை, நெஞ்சு, எல்லாம். அவர் ஒரு சுருளை எடுத்துத் தூசி தட்டினார்.

"எங்கட உம்மாவும் அடுப்படியில இருமி இருமித்தான் போனவ. கொண்டு போங்க. நோன்பு நாளையில இதுக்கு விலை பேச ஏலா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலையைக் குனிந்து குழாயைப் பார்ப்பதுபோல் நின்றேன். அவர் வேலைப் பேச்சுக்கு மாறினார். "உள்ள எண்ணெய் இரிக்கும், சவக்காரத் தண்ணியால நாலஞ்சு தரம் கழுவுங்க. வளைக்கக்குள்ள காஞ்ச மண்ண நிறைச்சு, ரெண்டு பக்கமும் அடைச்சுப் போட்டு வளைங்க. இல்லாட்டி மடிஞ்சிரும்."

புறப்படும்போது நோன்புக் கஞ்சியும் ஒரு பையில் கட்டித் தந்தார். தான் வாய் நனைக்காத நேரத்தில் எனக்கு.

பு. கஞ்சியைக் குடித்துவிட்டு, "தொண்டைக்கு இதமாக் கிடக்கு. ஆர் தந்த?" என்றாள். பெட்டியைப் பற்றிய கேலி இன்று இல்லை. இருமல் 21.

மார்ச் 7, சனி

கண்ணாடி கிடைத்தது. புளியந்தீவில் ஒரு புடவைக் கடை. பழைய ஷோகேஸை மாற்றுகிறார்கள். கடைக்கார அம்மா: "கொண்டு போங்க ஐயா. உடையாமக் கொண்டு போனா உங்கட கெட்டித்தனம்."

பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டர் விடவில்லை. "அண்ணே, ஒரு பிரேக் அடிச்சா கண்ணாடி உங்களுக்கு, வழக்கு எனக்கு." நியாயம். வெறுங்கையோடு வீடு வந்து, தோணியை எடுத்துக்கொண்டு வாவி வழியே திரும்பப் போனேன்.

வலையை மெத்தையாகப் போட்டுக் கண்ணாடியைக் கிடத்தினேன். வெயில் அதில் பட்டு என் முகத்தைச் சுட்டது. சும்மா கிடக்கிற கண்ணாடியே இப்படியென்றால்! வழி முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டு தண்டு வலித்தேன். நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை.

இருமல் எண்ணவில்லை. நெருப்பு முடிந்தபின்தான் வந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

குழாய் வளைப்பு. ஈர மணலைப் போட்டு முதல் வளைவு மடிந்தது. றஹீம் காக்கா "காஞ்ச மண்" என்றுதான் சொன்னார். எனக்குத்தான் அவசரம். மடிந்த துண்டை வெட்டி எறிந்து, மணலை வெயிலில் காயவைத்து மறுபடி. ஏழு வளைவு. அழகு.

சவக்காரத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். பு. குழாய் நுனியை முகர்ந்து, "இன்னும் மணக்குது." மறுபடி. "இன்னும்." ஆறாம் தரம் ஒன்றும் சொல்லாமல் போனாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தகரத்தில் குழாயை இறுக்கிக் கட்டித் தார் பூசினேன், தோணிக்குப் பூசுவது போலவே இரண்டு தரம். கறுப்பென்றால் எங்கள் வீட்டில் தார்தான். பழைய கதவுப் பலகையில் அடித்த பெட்டிக்குள் வைத்து, மேலே கண்ணாடி போட்டாயிற்று.

இருமல் 22.

மார்ச் 11, புதன்

எழுதவே வெட்கம்.

பதினொரு மணிக்குத் தார் இளகியது. பன்னிரண்டுக்கு வழிந்தது. தோணியின் தார் தண்ணீருக்குள் கிடக்கிறது, இது வெயிலுக்குள் கிடக்கிறது என்று முப்பது வருடம் தார் பூசியவனுக்குத் தோன்றவில்லையே. கண்ணாடியின் உள்பக்கம் மண்ணிறப் படலம். வெயில் போகாது. தண்ணீர் வெதுவெதுப்புக்கூட இல்லை. வளவு முழுக்க நாற்றம்.

அந்த நாற்றத்தில் பு. இருமினாள். கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க முடியாமல். மருந்தை இழுத்தபின்தான் அடங்கியது. புகையைக் குறைக்கப் புறப்பட்ட நான் செய்த காரியம் இது.

கண்ணாடியைக் கழற்றி, பெட்டியைத் தூக்கி வேலியோரம் போட்டேன். "விறகாக்கிப் போடுறன்" என்றேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "தார்ப் பலகைய எரிச்சு அந்தப் புகையையும் தாங்க" என்றாள். அந்த நிலையிலும் அவளுக்குப் பகிடி. நான்தான் அழுதேன்.

எண்ணவில்லை. எண்ணக்கூடியதாக இருக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

கடலுக்கும் போகவில்லை, வாவிக்கும் போகவில்லை. வளவின் கோடியில், காற்று அவள் பக்கம் வீசாத இடத்தில் இருந்து, மண்ணெண்ணெய் போட்டுத் தகரத்திலும் கண்ணாடியிலும் இருந்த தாரைச் சுரண்டினேன். அவளைக் கிட்ட வரவிடவில்லை. கடையில் கறுப்புப் பெயின்ற் வாங்கலாம். ஆனால் அதுவும் மணத்தால்?

தூர நின்றே கேட்டாள்: "கறுப்புத்தான் வேணுமா?"

"ஓம்."

"அதுக்கு ஏன் ஊரெல்லாம் தேடுறீங்க? கிடாரத்துக்குக் கீழ அள்ள அள்ளக் கிடக்கே."

கிடாரத்தைக் கவிழ்த்தேன். அடியில் விரல் கனத்துக்குக் கரி. எத்தனை வருடப் பின்னேரம்! அவளுடைய நெஞ்சுக்குள் போனது போக மிச்சம் இங்கே ஒட்டிக் கிடக்கிறது. கத்தியால் சுரண்டினேன், ஒரு சிரட்டை நிறைய. அவள் அரிசிக் கஞ்சி காய்ச்சி ஆறவைத்துத் தந்தாள். இரண்டையும் குழைத்துப் பூசினேன். காய்ந்தபின் தொட்டால் கையில் ஒட்டவில்லை. மணமும் இல்லை.

முப்பது வருட அடுப்பறிவு. நான் போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

இருமல் 17.

மார்ச் 14, சனி

முகில். தண்ணீர் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஆனால் கண்ணாடி தெளிவாக இருக்கிறது, பூச்சு வழியவில்லை. பு. இரண்டு தரம் போய்ப் பெட்டியைப் பார்த்ததைக் கண்டேன். காணாததுபோல் இருந்தேன்.

நெருப்பு ஒரு மணித்தியாலம். இருமல் 16.

மார்ச் 15, ஞாயிறு

நல்ல வெயில். கடவுளே, நல்ல வெயில்.

பத்து மணிக்குத் திருகியைக் கொஞ்சமாகத் திறந்தேன், நூல் போல. கிடாரத்தைச் சாக்கால் மூடி வைத்தோம். மூன்றரைக்குக் கிடாரம் நிறைந்தது. பு. கை வைத்தாள். உடனே எடுத்தாள். என்னைப் பார்த்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள்.

முதலில் ஒரு வாளி மொண்டாள். நெல்லுக்கல்ல. "கால நீட்டுங்க" என்றாள். முறிந்த காலுக்கு மெல்ல மெல்ல ஊற்றினாள். "முதல் தண்ணி உங்களுக்கு. மிச்சம் நெல்லுக்கு."

நாளை நண்டு நல்லதாகப் பட்டால் காத்தான்குடிக்கு, றஹீம் காக்காவிடம். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். புடவைக் கடை அம்மாவுக்கும் கண்ணாடி உடையவில்லை என்று சொல்ல வேண்டும்.

நெருப்பு இருபத்தைந்து நிமிடம். மிச்ச நேரம் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். கிளினிக் டொக்டர் பிள்ளையைப் பற்றி, கிரானில் இருக்கும் தன் தம்பியின் வயலைப் பற்றி, நான் படுத்துக் கிடந்த மாதங்களில் தான் என்னென்ன பயந்தாள் என்பதைப் பற்றி. இதுவரை ஒரு நாளும் சொல்லாதது. இருட்டும்வரை கதைத்தோம்.

இருமல்: எண்ண மறந்துவிட்டேன்.